குளத்து நீரில் பாஸ்பேட் அளக்க ஒரு அகச்சிவப்பு நிறமானி

குளம் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் பாசி பிடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாஸ்பரஸை. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லரும் அவரது குழுவினரும் ஒரு ஏரியின் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். கார்பனையும் நைட்ரஜனையும் இரு பக்கத்திலும் கொட்டினார்கள். பாஸ்பரஸை ஒரு பக்கத்தில் மட்டும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையானது. அதன்பின் நன்னீர் மாசைப் பற்றிப் பேசும் யாரும் பாஸ்பேட் அளவைக் கேட்காமல் விடுவதில்லை; பாஸ்பரஸ் நீரில் கரைந்திருப்பது பெரும்பாலும் பாஸ்பேட்டாகத்தான்.

அந்த அளவைப் பட்டை நனைத்து நிறம் பார்க்கும் கிட்டில் எடுக்கலாம். ஆனால் குளத்துக்குத் தொல்லை தரும் செறிவு லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராமில் தொடங்கிவிடும். அந்த அளவில் கிட்டின் அட்டையில் இருக்கும் முதல் கட்டமே வெளுப்பாகத்தான் தெரியும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் ஆய்வகத்து ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் கையில் இல்லை. சரி, ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யும் கருவியை நாமே கட்டலாம் என்று இறங்கினேன். கட்டியதைவிட, அது காட்டும் எண்ணை நம்பலாமா என்று சோதித்ததில்தான் நேரம் போனது. இந்தப் பதிவிலும் அந்தப் பகுதிதான் நீளம்.

முறை பழையது. மர்ஃபியும் ரைலியும் 1962-இல் வெளியிட்ட மாலிப்டினம் நீல முறை. அமிலத்தில் பாஸ்பேட்டும் மாலிப்டேட்டும் சேர்ந்து பாஸ்போமாலிப்டிக் அமிலம் ஆகும். அஸ்கார்பிக் அமிலம், அதாவது நம் வைட்டமின் சி, அதை ஒடுக்கி நீலமாக்கும். ஆன்டிமனி கொஞ்சம் இருந்தால் சூடு பண்ணாமலே சில நிமிடங்களில் நிறம் வந்துவிடும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பேட் அவ்வளவு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. கண்ணுக்கு நீலமாகத் தெரிந்தாலும் இந்தக் கரைசல் ஒளியை மிக அதிகமாக உறிஞ்சுவது 880 நானோமீட்டரில், கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பில். அந்த அலைநீளத்தில் ஒளிரும் எல்.இ.டி. ரிமோட் கன்ட்ரோல் வகையறா, எங்கும் கிடைக்கும். ஒளியை மின்னோட்டமாக மாற்றும் சிலிக்கான் போட்டோடையோடுக்கும் அந்தப் பகுதியில்தான் கூர்மை அதிகம். உறிஞ்சல் முகடும் அகலமானது, எல்.இ.டி.யின் ஒளி சில பத்து நானோமீட்டர் பரந்திருந்தாலும் பெரிய நட்டமில்லை. குளத்து நீரில் இலைதழை ஊறி வரும் மஞ்சள் சாயம் நீல, ஊதாப் பகுதியில்தான் உறிஞ்சும். 880-இல் அது குறுக்கே வருவதே இல்லை என்று சொல்லலாம். மாசு அளக்கும் முறைகளில் இப்படி எல்லாம் கூடி வருவது அபூர்வம்.

கருப்புப் பெட்டி, உண்மையில் கருப்பா?

அமைப்பு எளிது. ஒரு பக்கம் எல்.இ.டி., நடுவில் 1 செ.மீ. குவெட் (மாதிரி ஊற்றும் சிறு சதுரக் குப்பி), எதிர்ப்பக்கம் பி.பி.டபிள்யூ.34 போட்டோடையோடு. பிளாஸ்டிக் குவெட் போதும். பாலிஸ்டைரின் இந்த அலைநீளத்தில் ஒளியை விட்டுவிடும். எல்.இ.டி.க்கு முன்னும் டையோடுக்கு முன்னும் சிறு துளை வைத்தேன், ஒளி குவெட்டின் நடுவாக மட்டும் போகட்டும் என்று.

கூடு முப்பரிமாண அச்சில் வந்த கருப்பு பிளாஸ்டிக். இங்கேதான் கவனம் வேண்டும். கண்ணுக்குக் கருப்பாக இருப்பதெல்லாம் அகச்சிவப்புக்குக் கருப்பு இல்லை. கார்பன் கரி கலந்த பிளாஸ்டிக் தடுக்கும். சாயம் போட்டுக் கருப்பாக்கிய சில பிளாஸ்டிக்குகள் அகச்சிவப்பைக் கண்ணாடிபோல் விட்டுவிடும். சோதிப்பது சுலபம். குவெட் இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவு அலுமினியக் கட்டையை இறக்கி, எல்.இ.டி.யை எரியவிட்டு, டையோடு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டை ஒளியை முழுக்க மறைப்பதால் பூஜ்யம் வர வேண்டும். என் கூட்டில் முழு ஒளியின் சில சதவீதம் அப்படியே வந்துகொண்டிருந்தது. ஒளி குவெட்டைச் சுற்றிச் சுவர் வழியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது.

சில சதவீதம்தானே என்று விட முடியாது. ஒளி உறிஞ்சல் என்பது வெறும் நீரில் வந்த ஒளியை மாதிரியில் வந்த ஒளியால் வகுத்து எடுக்கும் மடக்கை. 2 சதவீதம் ஒளி குறுக்கு வழியில் வந்தால் 0.60 என்று வர வேண்டியது 0.575 ஆகும், 1.20 வர வேண்டியது 1.09-க்கு இறங்கிவிடும். அடர்த்தி கூடக் கூடப் பிழையும் கூடும், செறிவுக்கு எதிராக உறிஞ்சலை வரைந்தால் நேர்கோடாக வர வேண்டிய அளவீட்டுக் கோடு மேல்முனையில் கீழ்நோக்கி வளையும். வேதியியலில் கோளாறு என்று நினைத்து ரீஏஜன்டை (நிறம் வரவைக்கும் வினைக்கரைசலை) மாற்றிக்கொண்டே இருப்போம்.

எல்.இ.டி. குழியையும் டையோடு குழியையும் உள்ளே அலுமினிய ஒட்டுநாடாவால் சுற்றினேன். துளைகள் மட்டும் திறப்பு. நாடா பளபளப்பானது என்பதால் குவெட் அறைக்குள் அதை ஒட்டவில்லை, அங்கே பிரதிபலிப்பு வேறு தொல்லை. கசிவு அளக்க முடியாத அளவுக்கு இறங்கியது. எல்.இ.டி. எரிகிறதா என்று பார்க்கக் கைபேசி கேமரா உதவும்; பல கேமராக்களில் மங்கலான ஊதாப் புள்ளியாகத் தெரியும்.

டையோடின் மின்னோட்டத்தை எம்.சி.பி.6001 ஆப்-ஆம்ப் பெருக்கியும் 1 மெகா ஓம் மின்தடையும் வோல்ட்டாக மாற்றுகின்றன, அதை ஏ.டி.எஸ்.1115 என்ற 16 பிட் மாற்றி எண்ணாக்கி, நிரல் ஓடும் ஆர்டுயினோ பலகைக்குக் கொடுக்கிறது. வெறும் நீருக்கு 2.5 வோல்ட் வருமாறு எல்.இ.டி. மின்னோட்டத்தைச் சரிசெய்தேன். ஒவ்வொரு அளவுக்கும் எல்.இ.டி.யை அணைத்து ஒருமுறை, எரியவிட்டு ஒருமுறை படித்து, முன்னதைக் கழிக்கிறது நிரல். மூடி இடுக்கில் நுழையும் அறை வெளிச்சம் இதில் அடிபட்டுப் போகும்.

16 பிட் மாற்றி இருப்பதால் நுணுக்கம் வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். லிட்டருக்கு 0.01 மி.கி. பாஸ்பரஸ் தரும் உறிஞ்சல் சுமார் 0.006, இந்த அமைப்பில் அது முப்பது மில்லிவோல்ட்டுக்கு மேல் வரும். ஆர்டுயினோவின் சொந்த 10 பிட் மாற்றியே அதைப் பார்த்துவிடும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. அகச்சிவப்பு எல்.இ.டி.யின் ஒளி, வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அரை சதவீதம் அளவில் குறையும். இரண்டு டிகிரி நகர்ந்தால் ஒரு சதவீதம். அதைச் செறிவாக மாற்றினால் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம். நாம் தேடும் பொருளே அந்த அளவில்தான் இருக்கிறது! எல்.இ.டி. நன்றாக எரிந்து நிலைபெறும்வரை காத்திருப்பது, ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னும் பின்னும் வெறும் நீரைப் படிப்பது, இரண்டும் கட்டாயம். பின்னர் எல்.இ.டி.க்குப் பக்கத்திலேயே இன்னொரு டையோடு வைத்து, மாதிரி வழியாகப் போகாத ஒளியையும் படித்து வகுத்துக்கொண்டேன். நகர்வு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

குவெட்டை எப்போதும் ஒரே முகமாக இறக்க வேண்டும், அம்புக்குறி எல்.இ.டி. பக்கம். கைரேகை, ஓரத்தில் ஒட்டிய குமிழி எல்லாம் பாஸ்பேட்டாகத்தான் கணக்கில் வரும்.

ரீஏஜன்ட்

நான்கு கரைசல்கள். 5 நார்மல் கந்தக அமிலம்: 70 மி.லி. அடர் அமிலம், மொத்தம் 500 மி.லி.; நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மறந்தும் மாற்றிச் செய்யக் கூடாது. ஆன்டிமனி பொட்டாசியம் டார்ட்ரேட் 1.37 கிராம் 500 மி.லி.யில். அம்மோனியம் மாலிப்டேட் 20 கிராம் 500 மி.லி.யில். அஸ்கார்பிக் அமிலம் 1.76 கிராம் 100 மி.லி.யில், இது மட்டும் குளிர்பதனத்தில் ஒரு வாரத்துக்குமேல் தாங்காது.

கலவைக்கு இதே வரிசையில் 50, 5, 15, 30 மி.லி.; ஒவ்வொன்றையும் ஊற்றியதும் கலக்கிவிட வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் 25 மி.லி.க்கு மேல் ஒருபோதும் செய்வதில்லை. 50 மி.லி. மாதிரிக்கு 8 மி.லி. கலவை என்பது முறை. நான் 10 மி.லி.க்கு 1.6 மி.லி. என்று சுருக்கிக்கொண்டேன். நிறம் வரப் பத்து நிமிடம், முப்பது நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும்.

அமில அளவில் விளையாடக் கூடாது. அமிலம் குறைந்தால் பாஸ்பேட்டே இல்லாமலும் மாலிப்டேட் தானாக நீலமாகும், நீரில் கரைந்திருக்கும் சிலிகேட்டும் கூட்டு சேரும். அமிலம் கூடினால் நிறம் வர மறுக்கும். மாதிரி காரத்தன்மையாக இருந்தால் ஒரு சொட்டு பினாப்தலின் நிறங்காட்டி விட்டு, சிவந்தால் சிவப்பு மறையும்வரை மட்டும் அமிலம் சேர்த்துவிட்டு அப்புறம் கலவையை ஊற்ற வேண்டும்.

கந்தக அமிலமும் ஆன்டிமனியும் விளையாட்டுப் பொருள் இல்லை. கையுறை, கண்ணாடி, நல்ல காற்றோட்டம் இல்லாமல் தொட வேண்டாம். பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் இடம் கேட்டுச் செய்ய முடிந்தால் அதுவே நல்லது.

பாத்திரம் கழுவுவதுதான் இந்த முறையின் பாதி. சோப்புத் தூள் பலவற்றில் பாஸ்பேட் உண்டு. கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் நீரில் அலசினால் போகாது. வெந்நீரில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அப்புறம் வாலை வடிநீரில் பலமுறை. இந்தக் குடுவைகளை வேறு எதற்கும் எடுக்காமல் தனியாக வைத்துவிட்டால் நிம்மதி.

எண் வந்தது, நம்பலாமா?

ஸ்டாண்டர்டுக்கு, அதாவது செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசலுக்கு, உலர்த்திய பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.2195 கிராம் ஒரு லிட்டரில். அது லிட்டருக்கு 50 மி.கி. பாஸ்பரஸ். அதில் 10 மி.லி.யை 100 மி.லி.யாக்கினால் 5 மி.கி.; அதிலிருந்து 1, 2, 5, 10 மி.லி. எடுத்து ஒவ்வொன்றையும் 50 மி.லி.யாக்கினால் 0.1, 0.2, 0.5, 1.0. இவற்றோடு வாலை வடிநீரிலேயே எல்லா ரீஏஜன்டும் சேர்த்த ஒரு பிளாங்க், அதாவது பாஸ்பேட் சேர்க்காத வெற்று மாதிரி.

ஆய்வகக் கருவியில் 1 செ.மீ. பாதைக்கு 1 மி.கி. பாஸ்பரஸ் 0.6-ஐ ஒட்டிய உறிஞ்சல் தரும். என் பெட்டி அதைவிடச் சற்றுக் குறைவாகவே தருகிறது, எல்.இ.டி. ஒற்றை அலைநீளம் இல்லை என்பதால் அது எதிர்பார்த்ததுதான். கோடு நேராக இருக்கிறதா, அடுத்த முறையும் அதே சாய்வு வருகிறதா என்பதுதான் முக்கியம். இரண்டும் சரி.

கீழ்முனைதான் சோதனை. பிளாங்கைத் தனித்தனிக் குடுவைகளில் திரும்பத் திரும்பச் செய்து, அவற்றின் திட்டவிலக்கத்தை மூன்றால் பெருக்கிச் சாய்வால் வகுத்தால் கண்டறியும் எல்லை கிடைக்கும். ஒரே குடுவையைத் திரும்பத் திரும்பப் படித்து எடுத்தால் அழகான சிறிய எண் வரும்; அது மின்சுற்றின் இரைச்சலை மட்டும் சொல்லும், பிப்பெட், குடுவை, கை இவற்றின் இரைச்சலைச் சொல்லாது. இணையத்தில் சுயமாகச் செய்த கருவிகளுக்குப் போடப்படும் துல்லிய எண்கள் பலவற்றை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். என் பெட்டிக்கு நேர்மையாகச் சொல்லக்கூடியது லிட்டருக்கு 0.02 மி.கி.; அதற்குக் கீழே வந்ததை எண்ணாக எழுதாமல் ‘எல்லைக்குக் கீழ்’ என்றே குறிக்கிறேன்.

அடுத்தது ஸ்பைக், அதாவது தெரிந்த அளவு பாஸ்பேட்டை மாதிரியிலேயே சேர்த்துப் பார்ப்பது. 50 மி.லி. குளத்து நீரில் 5 மி.கி. ஸ்டாண்டர்டில் 1 மி.லி. சேர்த்தால் செறிவு ஏறத்தாழ 0.1 மி.கி. கூட வேண்டும். கூடியதா என்று பார்ப்பதுதான் சோதனை. 80 முதல் 120 சதவீதம்வரை திரும்பக் கிடைத்தால் பல ஆய்வகங்கள் ஏற்றுக்கொள்ளும். வாலை வடிநீரில் எவ்வளவு அழகான கோடு வரைந்தாலும், குளத்து நீரில் இருக்கும் மற்றதெல்லாம் சும்மா இருக்கும் என்று யார் சொன்னது? ஆர்சனேட் அப்படியே பாஸ்பேட் வேஷம் போட்டு நீலமாகும், லிட்டருக்கு 0.1 மி.கி. ஆர்சனிக் இருந்தாலே கணக்குத் தவறும். இதை ஸ்பைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் சேர்த்த பாஸ்பேட் சரியாகத்தான் திரும்ப வரும். ஆர்சனிக் உள்ள நிலத்தடி நீர் என்றால் தயோசல்பேட் சேர்த்து ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக ஒடுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். ஆறிணைதிறக் குரோமியமும் நைட்ரைட்டும் எதிர்ப்பக்கம் இழுக்கும், ஆனால் லிட்டருக்கு 1 மி.கி. இருந்தாலும் மூன்று சதவீதம்தான்.

கலங்கல் தனிக் கதை. மண்துகள் ஒளியைச் சிதறடிக்கும், பெட்டி அதையும் உறிஞ்சல் என்றே எடுத்துக்கொள்ளும். 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடிகட்டினால் பெரும்பாலும் தீரும். மிச்சத்துக்கு அதே மாதிரியில் அஸ்கார்பிக் அமிலமும் ஆன்டிமனியும் இல்லாமல் மற்றதை மட்டும் சேர்த்து ஒரு தனி பிளாங்க் செய்து கழிக்கலாம்.

மாதிரி எடுப்பதை லேசாக நினைக்கக் கூடாது. பாஸ்பேட் பிளாஸ்டிக் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், குறைந்த செறிவில் அந்த இழப்பே பெரிது; அதனால் கண்ணாடி பாட்டில். கரையோரம் மிதக்கும் பாசியோடு மொள்ளாமல், கை நீளத்துக்குத் தள்ளி, மேற்பரப்புக்குக் கீழே. பாசி உயிரோடு இருக்கும் பாட்டிலில் பாஸ்பேட் நிலையாக இருக்காது. பாசி அதைத் தின்னும், செத்தால் திரும்பக் கக்கும். அதனால் எடுத்த இடத்திலேயே சிரிஞ்ச் வடிகட்டியில் வடித்து, பனிக்கட்டி வைத்த பெட்டியில் போட்டுவிடுவேன். 48 மணி நேரத்துக்குள் அளவு.

குளத்தில் பார்த்தது இது. வடிகால் வந்து விழும் வாய்க்காலில் எண் ஏறியே இருந்தது. ஒரு மழைக்குப் பின் எடுத்ததில் அது இன்னும் கூடியது. குளத்தின் நடுவிலோ, நன்றாகப் பச்சை பிடித்த நாட்களில், எல்லைக்குக் கீழ்! முதலில் பார்க்கிறவர் குளம் சுத்தம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். கரைந்த பாஸ்பேட் முழுவதையும் பாசி உடம்புக்குள் இழுத்துக்கொண்டதால் வந்த எண் அது. வடிகட்டிய நீரில் இந்த முறை பார்ப்பது கரைந்து, உடனே வினைபுரியும் பாஸ்பேட்டை மட்டும்தான். பாசிக்குள்ளும் மண்துகளிலும் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் வடிகட்டாத நீரை அமிலத்திலும் பெர்சல்பேட்டிலும் போட்டு 121 டிகிரியில் அரை மணி நேரம் செரிக்கவைத்து, எல்லாவற்றையும் பாஸ்பேட்டாக உடைத்துவிட்டு அளக்க வேண்டும். அதுதான் மொத்த பாஸ்பரஸ்.

வேறு யாருடைய எண்ணோடும் ஒப்பிடும் முன் அலகைப் பார்த்துவிடவும். ஆய்வக அறிக்கை பெரும்பாலும் பாஸ்பரஸாகவும், மீன்தொட்டி கிட்டுகள் பாஸ்பேட்டாகவும் சொல்லும். இரண்டுக்கும் இடையே 3.07 மடங்கு வித்தியாசம்.

கழிவை வடிகாலில் ஊற்றுவதில்லை. அமிலம், ஆன்டிமனி, மாலிப்டினம் எல்லாம் சேர்ந்த அந்த நீலத் திரவம், பெயர் எழுதிய கண்ணாடி பாட்டிலில் சேர்ந்து, ரசாயனக் கழிவு எடுத்துக்கொள்ளும் ஆய்வகத்துக்குப் போகிறது. 10 மி.லி. என்று சுருக்கியதில் பெரிய லாபம் இதுதான்.

இனிச் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் சூடாக்கும் கலம்) கிடைக்கும் இடத்தில் மொத்த பாஸ்பரஸுக்கான செரிப்பு வேலை. மற்றது, ஒளிப்பாதையை 5 செ.மீ.க்கு நீட்டுவது. பாதை ஐந்து மடங்கானால் உறிஞ்சலும் ஐந்து மடங்காகும்; 1 செ.மீ. குவெட்டுக்கு 0.15-இலிருந்து 1.3 மி.கி. வரை சொல்லப்படும் வரம்பு, 5 செ.மீ.க்கு 0.01-இலிருந்து 0.25 என்று கீழே இறங்கும். குளத்து நடுவுக்கு வேண்டியது அந்த வரம்புதான். இரு முனையிலும் கண்ணாடித் தகடு ஒட்டிய குழாய் ஒன்று தயாராகிவிட்டது. ஒட்டுப்பசையில் பாஸ்பேட் கசிகிறதா என்று வாலை வடிநீர் ஊற்றிவைத்திருக்கிறேன்.